பாக்காவ் காட்டுக்குச் சட்டம் எழுதக் கற்றுக்கொடுத்தவனுக்கு

என் செல்லக் கொழுந்தனே, நண்டுக்குப் பயந்த நண்டுப் பேராசிரியரே,

நண்டைப் பற்றிப் படித்தே பட்டம் வாங்கினாய். காஜா பெராங்கில் நம் வீட்டு அடுப்பில் நண்டுக் குழம்பு கொதித்தால் மட்டும் வாசலுக்கு ஓடிவிடுவாய். "கூடப் படிச்சவங்களை எப்படி அண்ணி சாப்பிடுறது?" என்பாய். போன இடத்தில் உனக்குச் சமைப்பது யார்? அவர்களும் என்னைப் போல் வம்பு பண்ணுகிறார்களா?

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷந்தான் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் மேல்படிப்புப் படிக்கும் பிள்ளைகளைக் கோலாலம்பூரிலிருந்து கூட்டி வந்தாய். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், உப்புச் சேற்றில் நிற்கும் பாக்காவ் மரங்களை மொத்தமாக வெட்டப் போவதாகப் பேச்சு. அதைக் காக்க ஒரு சட்டம் எழுதி அரசாங்கத்திடம் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பாடம்.

"சேத்துல இறங்கிப் பார்த்தவன் சட்டமும் எழுதணும் அண்ணி. இனிமே தப்பா எழுதிட்டு வெள்ளைக்காரன் மேல பழி போட முடியாது," என்றாய். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு, சட்டம் என்பது நம்மைப் போன்ற மனிதர்கள் எழுதுவது என்று அன்றுதான் தெரிந்தது.

என்னைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்து, "இவங்கதான் மந்திரி, பேசுங்க," என்றாய். "மந்திரிக்குப் பசிக்குது, சுருக்கமா சொல்லுங்க," என்றேன். உன் மாணவி கமலா எழுந்தாள். சேற்றிலுள்ள புழு பூச்சிக்கெல்லாம் அவளிடம் பெயர் இருந்தது. கடைசியில், காட்டுக்குள் யாருமே காலெடுத்து வைக்கக்கூடாது என்று முடித்தாள்.

நீ திட்டவில்லை. "நாளைக்கு விறகு வெட்டுறவங்க பக்கம் நின்னு பேசும்மா," என்றாய், அவ்வளவுதான். மறுநாள் அவளே தன் சட்டத்தை நார் நாராகக் கிழித்தாள், வாயால்தான். பிறகு எல்லாரும் விறகு வெட்டுபவர்களோடு படகில் போய், அவர்களோடு சேர்ந்தே புதிதாக எழுதினார்கள். தோற்ற பிள்ளையைச் சிரிக்கவும் வைக்க உன்னால் எப்படி முடிந்தது?

அதைக் கொடுக்கும் நாள் வருவதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது. அவசரக்காரன்.

கேள், போன வாரம் பண்டார் ஹிலிர் அரசாங்க அலுவலகத்தில் கூட்டம். பிள்ளைகள் கூப்பிட்டார்கள், நானும் போனேன். அதிகாரி சுற்றிப் பார்த்தார். "உங்க பேராசிரியர் எங்கே? அவர் வந்த பிறகு இன்னொரு நாள் பேசலாம்." தள்ளிப்போனால் கோடாலி முந்திக்கொள்ளும்.

கமலா எழுந்து மலாயில் சொன்னாள்: "அவர் இனிமே வரமாட்டார், துவான். நாங்களே பேசுறோம்." குரல் ஒரு தடவைதான் உடைந்தது. ஆற்றோர மரங்களைத் தொடக்கூடாது, உள்ளே பகுதி பகுதியாக முறை வைத்து வெட்டலாம், வெட்டிய இடத்தில் கன்று நடவேண்டும் என்று சட்டத்தை வாசித்தாள். "விறகு வெட்டுறவங்க இதுக்கு ஒத்துக்குவாங்களா?" என்றார் அதிகாரி. பின் வரிசையிலிருந்து அவர்களின் தலைவர் பாக் மாட் எழுந்தார். "அதுல பாதி நாங்க சொன்னதுதான், துவான்."

ஏற்றுக்கொண்டார்கள், தம்பி. ஆற்றோரக் காடு நிற்கும். வெளியே வந்ததும் கமலா என் தோளில் சாய்ந்து அழுதாள். "அழுறதுக்கெல்லாம் உங்க பேராசிரியர் மார்க் போடமாட்டாரு," என்றேன். சொல்லிவிட்டு நானும் அழுதேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காகிதத்தில் இருப்பது சேற்றில் நடக்கிறதா என்று மாதாமாதம் பாக் மாட்டின் படகேறிப் பார்ப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. அது அவர் கவலை. ஆற்றோர மரத்தில் யாராவது கோடாலி வைக்க வந்தால், முதலில் என் வாயைத் தாண்டட்டும்.

உன் வம்புக்கார அண்ணி,
சரசு