மாலையாக வளைத்த ஸ்டீரிங்

இன்று காலை உன் அப்பா அந்தக் கேன்வாஸைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு, அரியலூரில் என் வீட்டுக்கு வந்தார். பிரித்ததும் துரு வாடை. கம்பி ஓடிய இடமெல்லாம் துணியில் பழுப்புக் கறை.

"கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடு பாப்பா. வெள்ளிக்கிழமை சின்னவளப் பாக்க வராங்க. பெரியவளுக்கு இதப் பாத்துதான அமைஞ்சுது."

சின்னவள், உன் தங்கை, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நீ செத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக் கலைப் போட்டிக்காக நாம் இருவரும் செய்தது அது. 'குழந்தையிலிருந்து பெரியவளாக' என்று தலைப்பு. கட்டடங்களில் கம்பி கட்டும் உன் அப்பாவின் பையிலிருந்து நீ திருடி வந்த கட்டுக்கம்பி. தவழும் குழந்தை, பாண்டி ஆடும் சிறுமி, சைக்கிளில் போகும் மாணவி. குறட்டால் வளைத்து, நூலால் துணியோடு சேர்த்துத் தைத்தோம். கடைசி உருவம் உன் யோசனை: சிமெண்ட் லாரி ஓட்டும் பெண். "எல்லாப் பயலும் லாரியக் கண்டா ஓரமா ஒதுங்குறான்டி. நான் ஓட்டுறேன், நீயும் ஒதுங்கு" என்றாய்.

நீ காய்ச்சலில் வராத நாளில் டீச்சர் பார்த்தார். "பொண்ணு பெரியவளானா கல்யாணம்தானே? லாரிக்கு எவன் பரிசு குடுப்பான்?" நான் வாதாடவில்லை. எனக்குப் பரிசு வேண்டும். லாரியைப் பிரித்தெடுத்து, அதில் உட்கார்ந்திருந்தவளின் காலை நிமிர்த்தி நிற்க வைத்தேன். ஸ்டீரிங் வட்டத்தை இழுத்துக் கழுத்தில் மாட்டினேன், மாலையாகிவிட்டது. முதல் பரிசு. நீ பார்த்துவிட்டுச் சிரித்தாய். "ஏன்டி, என்னைய ஒரு வார்த்த கேக்காம கல்யாணமே பண்ணி வச்சுட்டியே!"

பெரம்பலூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "நான் படிக்கணும்" என்றாய். மாப்பிள்ளையின் அம்மா உன் வீட்டுச் சுவரில் தொங்கிய அந்தக் கம்பிப் படத்தைக் காட்டினார். "வாய்தான் வேணாங்குது. கை என்ன செஞ்சு வச்சிருக்கு பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். காப்பி டம்ளரோடு நானும் அங்கேதான் நின்றேன். அது என் கை என்று சொல்லவில்லை.

உனக்குப் பதினேழு. பத்தொன்பதில் இரண்டாவது பிரசவம், நிற்காத ரத்தப்போக்கு. விதி என்றார்கள். நாங்கள் எல்லோரும் கூடிச் செய்ததற்கு அப்படி ஒரு பெயர்.

இன்றுதான் சொன்னேன். "கல்யாணப் பொண்ண அவ செய்யலப்பா. லாரி ஓட்டுற பொண்ணத்தான் செஞ்சா. நான்தான் மாத்துனேன்."

உன் அப்பா படத்தைத் தன் பக்கம் இழுத்தார். கறையை விரலால் தேய்த்தார். "சரி, போனது போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிகிறது.

அவர் போனதும், குழந்தைத் திருமணப் புகார் வாங்கும் ஆபீசுக்குப் போனேன். புகார் தருபவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கு முன் உன் வீட்டுக்கு ஆள் வருவார்கள், பதினெட்டு முடியும்வரை சின்னவளுக்குக் கல்யாணம் இல்லை என்று உன் அப்பாவிடம் எழுதி வாங்குவார்கள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உன் தெருவில் இனி எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காது. பரவாயில்லை. உன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தவள் நான். அந்த இனிப்பு இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.