சாயக் கம்பெனியின் மஞ்சள் மாத்திரை

தாரண வருஷம், ஐப்பசி 4
விடாத தூறல். அரியலூர் ஸ்டேஷனில் பார்சல் எடுத்தேன். மலேரியா மாத்திரை, இரண்டு பெட்டி. பழைய சாயப் பெட்டியேதான். மேலே புது லேபிள். பத்து வருஷம் நெசவாளிகளுக்குச் சாயம் விற்றவன் நான். ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்தான், மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா வரத்து நின்றது, கம்பெனி மருந்துப் பகுதி தொடங்கியது. என்னையும் அதில் தள்ளிவிட்டார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

திருமழபாடியில் போன தடவை விற்ற மாத்திரையைத் தின்றவர்கள் எல்லாம் மஞ்சள். "காய்ச்சல் போச்சு, காமாலைய குடுத்துட்டீங்களே சார்!" மீதியைக் கொள்ளிடத்தில் கொட்டிவிட்டார்களாம்.

மாலை, என் மனைவி செல்லத்துக்குக் குளிர்க் காய்ச்சல். மூன்று போர்வை. கட்டில் ஆடுகிறது.

ஐப்பசி 5
ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக் காய்ச்சல்; இன்று இல்லாத நாள். மாத்திரை கொடுத்தேன், துப்பிவிட்டாள். "சாயத்த முழுங்கச் சொல்றீங்களா?" கோபம் வந்தது. அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, மாத்திரையும் சாயச் சரக்கிலிருந்து வந்ததுதான்.

தபால். மெட்ராஸ் ஆபீஸ் கடிதம்: தோல் மஞ்சளாகும், கெடுதல் இல்லை, மாத்திரையை நிறுத்தினால் தானே போகும். இதை வெளியே சொல்லக்கூடாது, விற்பனை கெடும், மீறினால் வேலை நீக்கம். கடிதத்தைப் பீரோவில் பூட்டினேன். என்னையே பூட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஐப்பசி 6
குளிர் மதியமே வந்துவிட்டது. பிதற்றல். மாத்திரையை நுணுக்கித் தயிர்சாதத்தில் பிசைந்தேன். புத்திசாலித்தனம்! சாதம் மஞ்சள். ஒரு வாய் வைத்தாள், வேப்பங்காய்க் கசப்பு. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயமாக இருக்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது. இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்.

ஐப்பசி 7
தாங்கவில்லை. பீரோவைத் திறந்து கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"மஞ்சளாவும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா முழுங்கியிருப்பேன்ல. மூடி மறைச்சாத்தான் பயமா இருக்கு." கையை நீட்டினாள். வெல்லத்தோடு விழுங்கினாள். யாரிடமும் சொல்லாதே என்றேன். தலையாட்டினாள்.

ஐப்பசி 8
குளிர் வந்தது. ஒரு போர்வையோடு போயிற்று. மாத்திரை வேளை தவறவில்லை.

ஐப்பசி 10
வெயில். முறை நாள், குளிர் வரவில்லை! கண்ணோரம் லேசாக மஞ்சள். எழுந்து ரசம் வைத்தாள். அழுதுவிட்டேன்.

மெட்ராஸிலிருந்து மருந்துப் பகுதி ஆபீசர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். நான் சட்டை மாட்டுவதற்குள் செல்லம் வாசலில்: "நல்ல மருந்துங்க சார். மஞ்சளாவும், பயப்படாதீங்கன்னு தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். திருமழபாடிக்கும் ஆள் உட்டிருக்கேன்."