கடல் கண்ணாடியும் சின்ன வெங்காயமும்

இன்று காலை குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது, சமையலறை ஆணியில் நீ மாட்டி வைத்திருந்த கடல் கண்ணாடியை எடுத்தேன். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும், ரப்பர் விளிம்பு வைத்த அதே கண்ணாடிதான். முகத்தருகே கொண்டுபோனதுமே ரப்பர் வாசனையும் பழைய வெங்காய வாசனையும் ஒன்றாக ஏறின. அந்தமான் கடைத்தெருவில் இதற்கு நீ விலை கேட்டபோது, "நாமக்கல்லுல கடல் எங்க இருக்குது? இத வெச்சுட்டு வெங்காயமா உரிக்கப் போற?" என்று கத்தினேன். ஊர் திரும்பிய மறுநாளே இதைப் போட்டுக்கொண்டு முறத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாயே! "பாருங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதுங்களா?" என்று கேட்டாய். அன்று நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

நீ நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக் கிணற்றுக்காரி. உன் அப்பா தோட்டத்துப் பாறைக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவள். அங்கே குதிப்பது பெரிய காரியமே இல்லை என்பாய். அடி வரைக்கும் போய் ஒரு கை மண் அள்ளிவந்து படிக்கட்டில் வைக்க வேண்டும். வெறுங்கையோடு மேலே வந்தால் குதித்ததாகவே சேர்த்தியில்லை. உன் அண்ணன்கள் பாதியில் திரும்பிவிட, நீ மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் மண்ணோடு வருவாயாம்.

நானோ திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரன். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் எடுத்தவன், ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. உன் அப்பாவின் கிணறு வற்றி முள் மண்டியபோது நீ விட்டாயா என்னை? "சுத்தியும் ஓட்டை போட்டு உறிஞ்சிப் போட்டீங்க. எங்கய்யன் கிணத்துல இப்பக் காக்கா குளிக்கக்கூடத் தண்ணியில்லீங்க" என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் ஆசை கிடந்தது எனக்குத் தெரியும். "கண்ண மூடறதுக்குள்ள ஒருக்கா தண்ணிக்கடியில போயி மண்ணத் தொட்டுட்டு வரோணுமுங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்.

ரிக்கைப் பங்காளியிடம் ஒப்படைத்த வருடம் மகள் நம்மை அந்தமானுக்கு அனுப்பினாள். அங்கே கடலுக்கடியில் இறங்குவதற்கென்று உடம்பைப் பிடிக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் உடையை உன் கையில் கொடுத்ததும் முகம் போன போக்கு இருக்கிறதே! "இதப் போட்டுட்டு மனுசங்க முன்னால எப்பிடீங்க வாரது?" என்றாய். "கடலுக்குள்ள மீனுதான் பாக்கும், வா புள்ள" என்றேன். தாலிக்கொடியை உள்ளே தள்ளிக்கொண்டு, துண்டைப் போர்த்தியபடி கரைக்கு வந்தாய்.

நமக்குப் பழக்கிக் கொடுத்தது தமிழ் பேசும் ஒரு பெண். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்து, முதுகில் காற்று உருளையை மாட்டி, குழாயை வாயில் கொடுத்தாள். "கண்ணாடிக்குள்ள தண்ணி வந்தா தலையத் தூக்கி மூக்கால ஊதுங்க, வெளியே போயிடும். மூச்சை மட்டும் நிறுத்தவே கூடாது ஆன்ட்டி. அடியில மூச்சைப் பிடிச்சுட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும். இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க."

நீச்சலே தெரியாத நான் கொதிக்கிற உலை மாதிரி குமிழி விட்டுக்கொண்டு நின்றேன். கிணற்றில் மீனாகத் திரிந்த உனக்குத்தான் வரவில்லை. தலை தண்ணீருக்குள் போனதும் உன் மார்பு தானாகப் பூட்டிக்கொண்டது. குழாயில் காற்று வருவது உனக்குத் தெரியும். உன் உடம்புக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணும் மறுபடி மறுபடி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், "இன்னும் ஒரு தடவை பார்ப்போம் ஆன்ட்டி. முடியலைன்னா நீங்க போட்லயே இருங்க, அங்கிள் மட்டும் போகட்டும்" என்றாள்.

நீ என்னைப் பார்த்து, "போயிட்டு வாங்க. நா இங்கியே இருக்கறேன்" என்றாய். உன் குரல் அவ்வளவு சின்னதாகி அதற்கு முன் நான் கேட்டதில்லை. யார் ஆசைக்கு யார் போய்ப் பார்த்துவிட்டு வருவது?

அப்போதுதான் நம் பட்டறை ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் பின்னால், காற்றை அழுத்தித் தள்ளும் ரிக் கம்ப்ரஸரை நான் ஓட்டிப் பார்க்கும்போது ஊரே காதைப் பொத்தும். நீ மட்டும் மத்தியானத் தூக்கம் போடுவாய். அது நின்றால்தான், "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று எழுந்து வருவாய். உன் தோளைப் பிடித்துச் சொன்னேன்: "இந்தா புள்ள, கிணத்துல காத்தில்ல, புடிச்சு வெச்ச. இந்த உருளைக்குள்ள இருக்கறது கம்ப்ரஸர் அடிச்ச காத்து. நம்ம பட்டறையில அது ஓடறாப்பலயே நெனச்சுக்க. அது நிக்காது. நீ விடு, அது குடுக்கும்."

நீ கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தினாய். ஒரு குமிழிக் கொத்து மேலே வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு கொத்து வந்தது, இன்னொன்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் கைதட்டினாள். பிறகு படகில் ஆழத்துக்குக் கூட்டிப்போய், நம் இருவரோடும் தானும் இறங்கினாள்.

பவளப் பாறையை என்னவென்று சொல்ல? மான்கொம்பு போலக் கிளைத்தது ஒன்று, பூக்கோசு போலத் திரண்டது ஒன்று. பச்சையும் நீலமுமான மீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம், நம்மூர் ஆடுகள் சோளத்தட்டு மெல்லுவது போலக் காதில் விழுந்தது. உன் கையை இறுகப் பற்றியிருந்தேன். உனக்காக என்று நீ நினைத்திருப்பாய். பயந்து கிடந்தது நான். பாறைகளுக்கு நடுவே வெண்மணல் திட்டு ஒன்று வந்ததும் என் கையை உதறிவிட்டு இறங்கினாய், ஒரு பிடி மணலை அள்ளினாய்! அந்தப் பெண் பதறி விரலை ஆட்டினாள்; அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாதாம். நீ கையை விரித்தாய். மணல் மெதுவாக இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

படகில் ஏறியதும் வெறும் உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாய். நகக்கண்ணில் நாலைந்து வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. "தொட்டுட்டனுங்க" என்றாய். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாய். நானும் அழுதேன். கடல் தண்ணீரென்று நினைத்து யாரும் கண்டுகொள்ளவில்லை.

சில வருடங்கள் கழித்து உன் நுரையீரலுக்கே நோய் வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்ஸிஜன் மூடியை மாட்டினார்கள். மற்றவர்கள் அதைப் பிடுங்கிப் போடுவார்களாம். நீ முரண்டு பிடிக்கவே இல்லை என்று நர்ஸம்மா மெச்சினார். இழுப்பதும் விடுவதுமாக அமைதியாகக் கிடந்தாய். நான்தான் உன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, அடுத்தது வருமா வருமா என்று கட்டிலோரம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். என் கையைச் சுரண்டினாய். மூடியைக் கொஞ்சம் விலக்கி, "நீங்க எதுக்குங்க மூச்சப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறீங்க? விடுங்க" என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நீ இல்லாத வீட்டில் எத்தனையோ முறை என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உன் சேலை அலமாரியைத் திறந்தால் நிற்கிறேன். பட்டறைப் பக்கம் சத்தமில்லாத மத்தியானங்களில் நிற்கிறேன். இன்று காலையும் அப்படித்தான், முகத்தில் மாட்டிய கண்ணாடியும் பாதி வெங்காயம் உரித்த கையுமாக உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கண்ணாடி இருக்கும்போது வெங்காயம் ஒன்றும் செய்யாது என்று நீதானே காட்டினாய். ஆனாலும் உள்ளே தண்ணீர் கோத்து முறமும் கையும் கலங்கலாகத் தெரிந்தன. "விடுங்க" என்றாய். தலையைத் தூக்கி மூக்கால் ஊதினேன்.