மேல்மாடிக்கு ஓர் ஒப்பந்தம்

மார்ச் 4, செவ்வாய்

மேல்மாடி இன்னும் காலி. தரகர் இன்றைக்கும் ஒருவரைக் கூட்டி வந்தார். டிரம்ஸ் வாசிப்பவராம். வேண்டாம் என்றேன். "உங்களுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறதுக்குள்ள எனக்கு முடி கொட்டிடும் சார்" என்றார் தரகர். கொட்டுவதற்கு அவரிடம் ஏதாவது மிச்சம் இருந்தால்தானே.

மார்ச் 6, வியாழன்

பாப்பா வந்துவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு தையல் மெஷின். மாப்பிள்ளை "இது என் வீடு, நீ கிளம்பு" என்றாராம். இத்தனை வருஷம் அவள் பெருக்கித் துடைத்த வீடு. "என்னத்தைக் காட்டி நான் இங்கதான் இருப்பேன்னு சொல்றதுப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டாமா? பிடிக்கவில்லை. பாப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

மேல்மாடியில் இருந்துகொள்கிறேன் என்கிறாள். ஆனால் வாடகைக்கு. அதுவும் ஒப்பந்தம் போட்டு!

"பெத்த பொண்ணுகிட்ட வாடகையா? ஊர் சிரிக்கும்" என்றேன்.

"ஊர் ஏற்கெனவே சிரிச்சுட்டுதான் இருக்கு. இன்னைக்குப் பாசத்துல இருன்னு சொல்வீங்க. நாளைக்குக் கோபத்துல போன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா? இன்னொரு தடவை என்னால தெருவுல நிக்க முடியாதுப்பா. எழுதிக் குடுங்க. இல்லன்னா வேற இடம் பாத்துக்கறேன்."

தரகரிடம் பேசியும் வைத்திருக்கிறாள், அழுத்தக்காரி. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எழுதித்தான் குடுங்களேன். உங்க கோபம் எனக்குத் தெரியாதா?" என்றாள். எதிர்த்தரப்புச் சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

டைப் அடிக்கும் கடைக்குப் போனேன். பழைய ஒப்பந்தம் கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஆள் மாறும்போதெல்லாம் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வோம். "வாடகைக்கு வர்றவங்க பேரு?" என்றார். பாப்பா என்று சொல்லிவிட்டேன். அவரும் அப்படியே அடித்துவிட்டார். திருத்தச் சொன்னேன்.

"எத்தனை மாசம்? வழக்கம்போல பதினொண்ணா?"

பெற்ற மகளை எத்தனை மாதத்துக்கு வைத்துக்கொள்வது? காலம் போடாமல் ஒப்பந்தம் கிடையாதாம். என் முகத்தைப் பார்த்து, "முடிஞ்சதும் புதுப்பிச்சுக்கலாம் சார்" என்றார். தலையாட்டினேன். தாளைப் படித்துப் பார்க்கவில்லை. வருஷக்கணக்கில் அதே தாள்தானே.

மார்ச் 12, புதன்

படித்திருக்க வேண்டும். படித்துத் தொலைத்திருக்க வேண்டும்!

பாப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். ஐந்தாவது ஷரத்தில் நின்றாள். சத்தமாகவே வாசித்தாள்: "குடும்பமாக வசிப்பவர்கள் மட்டுமே குடியிருக்கலாம். கணவன் மனைவி பிரிய நேர்ந்தால் உடனே காலி செய்ய வேண்டும்."

முன்பு ஒரு ஜோடி தினமும் சண்டை போட்டுத் தெருவைக் கூட்டியது. அவர்கள் போன பிறகு நான் சொல்லிச் சேர்த்த வரி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். "அது பழசு பாப்பா... ஐயோ, உனக்கில்லம்மா..." அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. பேனா கேட்டாள். அந்த வரியின் மேல் ஒரே கோடு. அடுத்தது குழாய், மின்சார ரிப்பேரெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்பது. அதை விட்டுவைத்தாள். கடைசியில் தன் கையால் ஒன்றைச் சேர்த்தாள்: வீட்டுக்காரர் முன்கூட்டிச் சொல்லாமல் மேலே வரக்கூடாது.

"கையெழுத்து போடுங்கப்பா."

போட்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 16, ஞாயிறு

மேலே தையல் மெஷின் ஓடுகிறது. நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

மத்தியானம் மெஷின் நின்றது. அப்புறம் அழுகை. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

படியேறினேன். பாதியில் நின்றுவிட்டேன். சொல்லாமல் வரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவன் நான். கதவைத் தட்டி என்ன சொல்வது? நீ அழுதது கேட்டது என்றா? என் வீடு, என் படி, என் பெண். ஏற முடியவில்லை. கீழே என் மனைவி முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "நீயாவது போயேன்" என்றேன். "எனக்கும் சேத்துதானே எழுதியிருக்கா" என்றாள். இரண்டு பேரும் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். அதைப் போடக்கூடத் தோன்றவில்லை.

மார்ச் 24, திங்கள்

இன்றைக்கும் அழுகை. இன்றைக்கும் பாதிப் படி.

மார்ச் 27, வியாழன்

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து குரல்: "வீட்டுக்காரரே! குழாய் ஒழுகுது. ரிப்பேர் உங்க பொறுப்பு!"

கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு ஸ்பேனரோடு ஓடினேன். குழாயடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. தண்ணீரை அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினேன். வாஷரைத் துடைத்தேன். மாட்டினேன், மறுபடி கழற்றினேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல விசும்பல் அடங்கியது.

கிளம்பும்போது சொன்னாள்: "ஸ்பேனர் இங்கேயே இருக்கட்டும்பா."