இடது முன் சக்கரத்துச் சத்தம்

திருக்கழுக்குன்றம்
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்பு மகன் கிருபாகரனுக்கு நைனா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. உயிரோடு இருக்கிறோம், அதுவே அவர் கிருபைதான், மற்றதை நீயே படித்துத் தெரிந்துகொள். கனடாவில் நீயும் மருமகளும் குழந்தையும் நலமா. போனில் பேசியிருக்கலாம், ஆனால் வாயைத் திறந்தால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வரும், நீயும் சிக்னல் இல்லை என்று நழுவிவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பும்படி உன் தங்கை சிநேகாவிடம் கொடுக்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

ஏப்ரல் மாதம் நம் காரில் இடது முன் சக்கரத்துப் பக்கம் சத்தம் வருகிறது என்று முதலில் உன்னிடம்தான் சொன்னேன். பள்ளத்தில் இறங்கினால் டொக், வேகத்தடை ஏறினால் டொக். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு அது என்னவென்று தெரியாதா. சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மும் அதன் முனையில் இருக்கிற பால் ஜாயிண்டும் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்றுதான் உன் சிநேகிதன் பூபாலன் ஷெட்டுக்குப் போனேன். ஜாக்கி வைத்துத் தூக்கினான், சக்கரத்தை ஆட்டினான், ஒன்றும் இல்லை என்றான். பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன், எனக்கு டொக் டொக்கென்று கேட்கிறது, அவன் சத்தமே இல்லையே நைனா என்கிறான். மே மாதம் மறுபடி போனேன், அதே பதில். வேறு ஷெட்டுக்குப் போயிருக்கலாம்தான், ஆனால் நீயும் அவனும் நம் வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அவன் எனக்குப் பொய் சொல்வான் என்று எப்படி நினைப்பேன். அதனால் என் காதைச் சந்தேகப்பட்டேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதில் மிஷின் மாட்டிக்கொண்டு, பீப் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கிப் பரிசோதனை செய்துகொண்டேன். அங்கே இருந்த பெண் சிரித்துக்கொண்டே, ஐயா உங்க காது என் காதைவிட நல்லாக் கீது என்றாள். காது சரி என்றால் புத்திதான் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதம் அந்தப் பயத்தோடு இருந்தேன் கிருபா, உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஆராதனை முடிந்ததும் அம்மா சங்கரா மீன் வேண்டும் என்றாள். ஈசிஆரில் கொஞ்ச தூரம் போய்க் மீனவர் குப்பத்தில் வாங்கிக்கொண்டு, அதே வழியில் வந்து நம் ஊர் ரோட்டில் திரும்பினேன். முதல் வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏற்றினேன், இறங்கும்போது படாரென்று இடது சக்கரம் மடங்கிப் போய் வண்டி மூக்கால் தரையில் உட்கார்ந்துவிட்டது. பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டது. பின்னால் வந்த மணல் லாரிக்காரன் பிரேக் போட்டு, ஒரு முழம் தள்ளி நிறுத்தினான். அம்மாவுக்குக் கதவில் இடித்து இடது புருவத்தில் மூன்று தையல். ஐந்து நிமிஷம் முன்னால், ஈசிஆரில் அறுபதில் வரும்போது இது நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். உனக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளை தூரத்தில் உட்கார்ந்து அழுவான் என்கிறாள் அம்மா. அழட்டும் என்றேன்.

வண்டியை இழுத்துப் போகப் பூபாலன் வந்தான். கழன்று தொங்கியதைப் பார்த்தான், சேலையெல்லாம் ரத்தமாக ரோட்டோரம் நின்ற உன் அம்மாவைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "சத்தம் எனக்கு அன்னிக்கே கேட்டுச்சி நைனா, கிருபாதான் சொல்லாதன்னான்" என்றான். நான் ஷெட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் நீ போன் போட்டுவிட்டாயாமே. பழுது என்று தெரிந்தால் மாற்றிவிட்டு இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார், ஒன்றும் இல்லை என்று சொல்லி வை, டிசம்பரில் நான் வந்து விற்றுவிடுகிறேன் என்றாயாமே. அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க வேண்டியவன் கடல் தாண்டி இருக்கிறான் என்று கையை இறக்கிக்கொண்டேன்.

ஏன்டா, தேய்ந்த பாகத்தோடு ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லையா. போன நவம்பரில் உன் காருக்குப் பனிக்கென்று வேறு டயர் மாற்றினபோது, குழந்தை உட்காருகிற வண்டி, அதில் விளையாடக் கூடாது என்று நீதானே சொன்னாய். உன் குழந்தை உட்காருகிற வண்டிக்கு ஒரு நியாயம், உன் அம்மா உட்காருகிற வண்டிக்கு ஒரு நியாயமா. பதினாலு வருஷத்து வண்டிக்கு இவ்வளவு செலவு தண்டம் என்றாயாம். எனக்கும் கணக்குத் தெரியும். வண்டியின் அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தால் நானே எடைக்குப் போட்டிருப்பேன். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவாமல் நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை, இன்ஜினும் புதுசு மாதிரி இருக்கிறது. பஸ் டிரைவர் பெண்டாட்டிக்கு முட்டி வலியில் பஸ் படி ஏற முடியவில்லை, இதுதான் நம் வீட்டு லட்சணம். நீ அங்கிருந்து போனில் புக் பண்ணுகிற டாக்சிக்காரன் நம் தெரு பேரைக் கேட்டதுமே கேன்சல் பண்ணுகிறான். இந்த வண்டி போனால் அவளுக்குக் கோயிலும் இல்லை, செங்கல்பட்டு வைத்தியமும் இல்லை, வீடுதான்.

என் கண் பார்வை மங்குகிறது, நான் வண்டி ஓட்டக் கூடாது என்றும் பூபாலனிடம் சொன்னாயாம். அதை என்னிடம் கேட்டிருக்கலாமே. எதிரே வருகிற விளக்கு கூசுகிறது என்று பொங்கலில் இருந்தே நான் இருட்டியபின் வண்டியைத் தொடுவதில்லை. என்னை யாரும் நிறுத்தவில்லை, நானேதான் நிறுத்திக்கொண்டேன். டாக்டர் என்றைக்குப் பகலிலும் வேண்டாம் என்கிறாரோ அன்றைக்குச் சாவியை உன் தங்கை கையில் கொடுத்துவிடுவேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, நான் பைத்தியமோ என்று என்னையே நினைக்க வைத்தாய். அம்மா அடிபட்டதைக்கூட ஒருநாள் மறப்பேன், இதை மறக்க நாளாகும்.

இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. பூபாலனே போட்டான், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டையும் பார்த்தேன். அவன் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம், அவனுக்குப் போன் போட்டு நீ மன்னிப்புக் கேள். அம்மாவிடமும் கேள், அவள் கேட்பதற்கு முன்னாலேயே மன்னித்துவிடுவாள், அதனால் நன்றாகவே கேள்.

கர்த்தர் உன்னையும் மருமகளையும் குழந்தையையும் காப்பாராக. குளிர் வருவதற்கு முன் குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்கு, அம்மா சொல்லச் சொன்னாள். டிசம்பரில் பகலில் வந்து இறங்குகிற பிளைட்டாகப் பார்த்து டிக்கெட் போடு, இந்த வண்டியில்தான் மீனம்பாக்கத்துக்கு வருவேன். முன்னால் இடது பக்கம், அம்மா உட்காருகிற சீட்டில் நீ உட்கார்ந்து வா. வழியில் ஏதாவது சத்தம் கேட்டால் என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் நைனா
பன்னீர்செல்வம்