ஐந்தாம் வாரத்தில் விலகியவர்

மந்தாரக்குப்பம், நெய்வேலி
4.3.2024

அன்புத் தம்பி அருண்பிரசாத்துக்கு அக்கா திலகவதி எழுதுவது.

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பொங்கலுக்கும் நீ வரவில்லை. உன் மாமா போய் நான்கு மாதம் ஆகிறது, இன்னும் இந்த வாசலை மிதிக்க உனக்கு நேரமில்லை.

நேற்று உன் கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அந்தப் புது நுரையீரல் மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நன்றி சொல்லி அச்சடித்திருக்கிறார்கள். மாத்திரை நல்ல பலன் தருகிறதாம், பெரிய கெடுதல் யாருக்கும் இல்லையாம். நீதானே மாமாவை அதில் சேர்த்துவிட்டாய்? காயத்ரி வரிவரியாகப் படித்துவிட்டு, "அப்பா எந்தப் பக்கத்துலம்மா இருக்காரு?" என்றாள். அவளுக்கு நீயே பதில் எழுது.

உன் அக்கா
திலகவதி


சென்னை
11.3.2024

அன்புள்ள அக்கா,

திட்டு, எனக்கு வேண்டியதுதான். ஆள் சேர்த்து, அவர்கள் உடம்பு நிலையை எழுதும் நோட்டை வாங்கி வைப்பது மட்டும்தான் என் வேலை. முடிவு எழுதுகிறவர்கள் வேறு. பன்னிரண்டு வாரமும் மாத்திரை சாப்பிட்டவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். ராஜ்மோகன் மாமா ஐந்தாம் வாரத்தில் தானாகவே விலகிவிட்டார். இறந்தது அதற்கு இருபது நாள் கழித்து. அதனால் அது மாத்திரையோடு சேராது என்கிறார்கள். தினமும் எழுதச் சொன்ன நோட்டிலும் 'மூச்சு நல்லா இருக்கு' என்றுதான் அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
பிரசாத்


மந்தாரக்குப்பம்
19.3.2024

பிரசாத்துக்கு,

அடப்பாவி, இந்தச் சாக்கை என்னிடமா சொல்கிறாய்? மூச்சு வாங்குகிறது என்று சுரங்கத்தில் எந்தக் காண்டிராக்ட் ஆள் டாக்டரிடம் சொல்லியிருக்கிறான்? சொன்னால் கேட் பாஸ் போய்விடும் என்ற பயம். வேலைக்கான மெடிக்கல் செக்கப் அன்று நம் அப்பா வெந்நீர் குடித்து, இருமலை அடக்கிக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவன்தானே நீ? இவர் உன் நோட்டையும் மெடிக்கல் என்றே நினைத்துவிட்டார். தானாக விலகினாராம்! உங்கள் ஆஸ்பத்திரிக்கு வரக் கிளம்பியவர், பஸ் படி ஏற முடியாமல் திரும்பி வந்து, "வேலை இருக்குதுன்னு சொல்லிடு" என்று என்னைப் போன் பண்ண வைத்தார்.

இப்போதும் காலை ஷிப்டு பஸ் ஹாரன் அடித்ததும் பாத்ரூமில் அவர் குரல் வருகிறது. "நல்லா இருக்கேங்க. இருமலே இல்லீங்க." மெடிக்கலுக்கு முந்தி சொல்லிப் பார்ப்பாரே, அப்படியே. எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்றிருந்தேன். நேற்று காயத்ரியும் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கதவையே பார்த்துகினு நின்றாள். பயமாக இருக்கிறதடா.

பக்கத்து வீட்டுத் தங்கராசுவை அடுத்த சுற்று மாத்திரைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றாம் தேதி கையெழுத்துப் போடுவாராம். "உன் தம்பி கம்பெனிதானே, நம்பிச் சாப்பிடலாமா?" என்று கேட்கிறார். அவருக்கு மூன்று பெண்கள். உண்மையை எழுது.

திலகவதி


சென்னை
25.3.2024

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்தேன். மூன்றாம் வாரம் மாமா எனக்குப் போன் செய்தார். "காலு வீங்கிகினே போவுது பிரசாத்து, மூச்சு முட்டுது. நோட்டுல எழுதட்டுமா, வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எழுதினால் மாத்திரையை நிறுத்தி அவரை அனுப்பிவிடுவார்களே என்று நினைத்தேன். ஆள் குறைந்தால் என்னைக் கேட்பார்களே என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. மாத்திரைதான் அவரைக் கொன்றதா என்றும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த வழியை நானே அடைத்துவிட்டேன்.

இங்கேயும் அவர் விடுவதில்லை அக்கா. யாருடைய நோட்டைத் திறந்தாலும் காதருகே கேட்கிறார், "எழுதட்டுமா, வேணாமா?"

எல்லாவற்றையும் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். தங்கராசு அண்ணன் கையெழுத்துப் போட வேண்டாம். நான் வந்து உன் காலில் விழுகிறேன். வரட்டுமா?

பிரசாத்


மந்தாரக்குப்பம்
9.4.2024

அருண்பிரசாத்துக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கராசுவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. கூட வேலை செய்கிறவர்களிடமும் எடுத்துப் போய்க் காட்டினார். நீ எழுதிக் கொடுத்தது நல்ல காரியம்தான்.

பாத்ரூமில் இப்போது சத்தம் இல்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை காயத்ரி வயசுக்கு வந்துவிட்டாள். தாய்மாமன்தான் ஓலைக் குச்சு கட்ட வேண்டும் என்று உனக்குப் போன் போடச் சொன்னார்கள். நான் சித்தப்பா மகன் வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டேன். கம்மாபுரத்திலிருந்து பச்சை ஓலை வெட்டி வந்து அவன் கட்டினான். "கூடப் பொறந்த தம்பி இருக்கானே?" என்று எதிர்வீட்டு மலர்கொடி கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ராஜ்மோகன் மனைவி
திலகவதி