பதில் வராத நாலு கிழமை

புத்தூர்
14.10.2018

அன்பு மகள் றஜிதாவுக்கு,

கொப்பர் எழுதுறன். இஞ்சை சுகத்துக்குக் குறைவில்லை, கொம்மாவின்ரை வாய்க்கும் குறைவில்லை. போன் எடுத்தால் அவள்தான் கதைப்பாள், நான் பக்கத்திலை நிண்டு தலையாட்டவேணும். அதாலைதான் கொழும்பு பஸ்ஸிலை போற முருங்கைக்காய்ப் பொதிக்குள்ளை இந்தக் கடிதத்தை வைக்கிறன்.

கம்பஸிலை எல்லாம் இங்கிலிசிலை நடத்துகினம், கணக்கியலை விட்டிட்டு வாறன் எண்டு அழுதியாம். பிள்ளை, நான் ஓ.எல். கணிதத்தை மூண்டு தரம் எடுத்து மூண்டு தரமும் கோட்டை விட்டவன். விளைஞ்ச வெங்காயம் எத்தினை அந்தர் எண்டதைக் கொம்மாதான் கூட்டிச் சொல்லுறவள். எனக்குப் பிறந்தவள் ஐந்தொகை சமப்படுத்துறாள் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். இனி வாபஸ் வாங்கேலாது. விளங்காத சொல்லை ஒரு கொப்பியிலை எழுது. நாளுக்குப் பத்து. வருசம் முடிய இங்கிலிஸ் உன்னட்டைத் தோத்துப்போகும்.

சந்தியிலை போன் கடை வைச்சிருக்கிற என்ரை கூட்டாளி செபநாயகம் உன்னை விசாரிச்சவன். அவன்ரை தங்கச்சி வெள்ளவத்தை வீட்டிலை உனக்கு அறையும் தந்து, வாடகையும் வேண்டாமெண்டிட்டா. அந்த வீட்டுக்காரரோடை மரியாதையா நட.

கொப்பர்

புத்தூர்
06.07.2022

மகள்,

தண்ணி இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. வரிசையிலை நிண்டபடி, முன்னாலை நிக்கிறவற்றை முதுகிலை பேப்பரை வைச்சு எழுதுறன். எழுத்துக் கோணினால் அவர் இருமினார் எண்டு அர்த்தம்.

சாட்டட் கணக்காளர் சோதினையிலை ரண்டு தரம் விட்ட பாடத்தை மூண்டாந்தரம் பிடிச்சிட்டியாம். என்ரை சாதனை அருந்தப்பிலை தப்பினது. முன்னாலை நிக்கிறவருக்கும் சொன்னன். அவர் திரும்பி எனக்குக் கை தந்தவர்.

கொப்பர்

கொழும்பு
09.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கணக்குப் பரிசோதிக்கிற ஓடிற் கொம்பனியை விட்டு வங்கிக்கு மாறிட்டன். நீங்கள் கணக்கு வைச்சிருக்கிற அதே வங்கி. இணக்கப் பிரிவு எண்டு சொல்லுவினம். என்ன வேலை எண்டு அம்மா பத்துத் தரம் கேட்டிட்டா, அவவுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. வங்கிக்கு வாற காசு ஆற்றை, எங்கையிருந்து வருது, எதுக்கு வருது எண்டு பாக்கிறது. சந்தேகமெண்டால் மேலிடத்துக்கு அறிவிக்கவேணும். தெரிஞ்ச ஆளெண்டாலும் அறிவிக்கவேணும். அறிவிச்ச விசயத்தை அந்த ஆளுக்குச் சொன்னால் மறியலிலை கம்பி எண்ணப்போறது நான். ஆனபடியால் வேலையைப் பற்றி உங்களுக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். தோண்டாதேங்கோ.

எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு அப்பா. ஆறு வருசமா இதுக்குத்தான் படிச்சனான் எண்டு இப்பதான் விளங்குது.

உங்கள் றஜிதா

புத்தூர்
21.06.2025

மகள்,

இந்த முறை முருங்கைக்காய் கொஞ்சம் முத்தல். கொம்மாவை ஏசாதை, பிடுங்கினது நான்.

ஒரு புதினச் செய்தி. என்ரை பாங்குக் கணக்கு இப்ப பெரிய ஆளாகிட்டுது. அம்பாறையிலையிருந்து ஒருத்தர் காசு போடுறார், காலியிலையிருந்து இன்னொருத்தர். ஆரெண்டே தெரியாது. செபநாயகம்தான் கேட்டவன்: "மச்சான், என்ரை கணக்கிலை ஏதோ சிக்கல், உன்ரை நம்பரைக் குடுக்கட்டே? வெளிநாட்டுச் சனத்தின்ரை காசு." வாறதைப் பாங்கு மெசினிலை எடுத்து அப்பிடியே அவனிட்டைக் குடுக்கிறன். எனக்கு ஒரு பிளேன்ரீ. உனக்கு அறை தந்த குடும்பம், ஏலாதெண்டு சொல்ல வாய் வருமே?

எழுதேக்கைதான் ஒரு யோசினை வருது. உதிலை பிழையொண்டும் இல்லைத்தானே? ஒரு வரி எழுதிவிடு.

கொப்பர்

புத்தூர்
19.07.2025

பிள்ளை,

நாலு கிழமையாப் பதில் இல்லை. கொம்மாவோடை மழையையும் சாப்பாட்டையும் கதைக்கிறாய். நான் போனை வாங்கினால் "மீற்றிங் அப்பா" எண்டு வைக்கிறாய். முத்தின முருங்கைக்காய்க்கு இவ்வளவு கோவமோ எண்டு நினைச்சன்.

போன செவ்வாய் மெசினிலை பாங்குக் காட்டைப் போட, கணக்கு நிப்பாட்டியிருக்கு எண்டு காட்டினது. அந்த இடத்திலையே நிண்டன். நீ வேலையைப் பற்றி எழுதினது ஒவ்வொரு வரியா ஞாபகம் வந்தது. பின்னாலை நிண்ட பெடியன், "அண்ணை, முடிஞ்சுதே?" எண்டான். "ஓம் தம்பி, முடிஞ்சுது" எண்டன்.

நான் கேட்ட ஒரு வரியை நீ எழுதியிருந்தால் உன்ரை வேலை போயிருக்கும். நீ அறிவிச்சியோ இல்லையோ எண்டு நான் கேக்கேல்லை, நீயும் சொல்லாதை. தனக்கு எதிரான சாட்சியத்தைத் தன்ரை கையாலை எழுதி, முருங்கைக்காயோடை கட்டி, பஸ் கூலியும் குடுத்து அனுப்பின கெட்டிக்காரன் இந்தத் தீவிலை வேற ஆரும் இருக்கமாட்டான்.

அண்டைக்கே மனேச்சரிட்டைப் போய் உள்ளதெல்லாம் நாலு பக்கத்திலை எழுதிக் குடுத்தன். செபநாயகத்தின்ரை பேரையும் எழுதினன். அந்த வரி எழுதக் கனநேரம் எடுத்தது. உன்ரை பேர் அதிலை இல்லை.

பாங்கிலையிருந்து அவனையும் விசாரிச்சிருக்கினம்போலை, அடுத்த நாள் செபநாயகம் எங்கடை வீட்டுக்கு வந்தான்.

"உன்ரை மோள்தானே என்னை மாட்டிவிட்டவள்? என்ரை தங்கச்சி வீட்டிலை இருந்து படிச்சிட்டு."

"அவள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை, செபம். நானாத்தான் எழுதிக் குடுத்தனான்."

"பெத்த தகப்பனையே காட்டிக் குடுக்கிறவளை ஏன்ராப்பா படிப்பிச்சனி?"

"அதை விடு. அந்தக் காசு ஆற்றை எண்டு சொல்லு. சொன்னால் இப்பவே உன்னோடை பாங்குக்கு வாறன்."

மோட்டச்சைக்கிளை உதைச்சுக்கொண்டு போயிட்டான். முப்பது வருசக் கூட்டு, பிள்ளை. அண்டைக்குச் சோறு இறங்கேல்லை. கொம்மா ரண்டு தரம் சோத்துக் கோப்பையை நகர்த்திப் பாத்தவள். ஆனால் உன்னிலை எனக்குக் கோவம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாற வியாழன் பத்து மணிக்குப் பாங்கின்ரை கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு, ஆறாம் மாடிக்கு வரட்டாம். நீ பயந்து லீவு போடாதை. உன்ரை கதிரையிலை இருந்து உன்ரை வேலையைச் செய். லிப்றிலை கண்டால் முகத்தைத் திருப்பாதை, அழவும் கூடாது. சேர்ட் போட்டு வந்த ஒரு வெங்காயக் கமக்காரனைப் பாக்கிற மாதிரிப் பார். கேட்டதுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லுவன். தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுவன், அதுதான் அதிகமா இருக்கும். அதுக்கு என்ன தண்டனையோ அது என்னோடை போகட்டும்.

இரவு பஸ்ஸிலையே திரும்புறன், உன்ரை அறைப் பக்கம் வரமாட்டன். நீ வேலை செய்யிற இடத்தை எப்பிடியும் ஒருக்கால் பாக்கவேணுமெண்டு இருந்தனான்.

இதுக்கும் பதில் போடாதை.

இப்படிக்கு,
உங்கள் வங்கியின் வாடிக்கையாளர்
க. கேதீஸ்வரன்